நான்கு முறை சரியான ரூட்டர்

காரைக்காலில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கற்றுக்கொடுத்தவர் குரு, கற்றுக்கொள்ள வந்தவர் சீடர். நரை எந்தப் பக்கம் இருந்தால் நமக்கென்ன.

குருவின் பெயர் ஜுலைகா. வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு கேபிள் ஆபீசில் பழுது பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். வேலை தெரியாததால் நேரம் கடத்துகிறார் என்று புது வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சீடர் சிங்காரவேலு, நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். நூலை முறுக்கிச் சுற்றிக்கொண்டு ஓடுகிற கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே நூல் அறுகிறதோ அங்கே சட்டென்று சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அதுதான் அவர் வேலை. மில்லை மூடினார்கள். கை மட்டும் வேகத்தை மறக்கவில்லை. கேபிள் ஆபீசில் சேர்ந்த ஒரே மாதத்தில் வயர் முனையில் கனெக்டர் மாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

பக்தியும் மில்லில் பழகியதுதான். ஆயுத பூஜை வந்தால் ஆபீசில் ஏணி முதல் ஸ்க்ரூ டிரைவர் வரை அவர் கையால் சந்தனம் குங்குமம் வாங்காமல் தப்பாது.

ஜுலைகாவை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். ஜுலைகா பழுது பார்ப்பதை முதல் நாள் பார்த்ததிலிருந்து அப்படி.

கார்த்திகை மாதம். மழை நாலு நாளாக விடவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் சிங்காரவேலு தொப்பலாக நனைந்து ஆபீசுக்குள் வந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"தப்பு எங்க இருக்குன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

ஜுலைகா அவர் முகத்தைப் பார்த்தார்.

"எந்த வீடு?"

"அமலோற்பவம் டீச்சர் வீடு."

"மறுபடியுமா?"

"அஞ்சாவது தடவை."

ஜுலைகா பையை எடுத்துக்கொண்டார். அதில் ஒரு லேப்டாப் இருந்தது. போகிற வழியில் தன் வீட்டில் வண்டியை நிறுத்தி, சுவரில் மாட்டியிருந்த பழைய ரூட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். இதெல்லாம் எதற்கு என்று சிங்காரவேலு கேட்கவில்லை. அவருக்கு மனசு சரியில்லை.

சரியில்லாமல் போனதற்குக் காரணம் இருந்தது.

அமலோற்பவம் டீச்சர் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருப்பவர். பத்தொன்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். போன வருஷம் அங்கே பிரெஞ்சு வகுப்பையே எடுத்துவிட்டார்கள். டீச்சர் வீட்டில் உட்கார்ந்தார். சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை. நாற்பத்தேழு வயதில், உனக்குத் தெரிந்தது இனி யாருக்கும் வேண்டாம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

பிறகு ஒரு வேலை வந்தது. பிரான்சில் ஒரு மருத்துவமனைக்குத் தமிழ்ப் பெரியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தவர்கள், பிரெஞ்சு தெரியாதவர்கள். மருத்துவர் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை மருத்துவருக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். காரைக்காலில் வீட்டிலிருந்தபடியே. செவ்வாயும் சனியும், மதியம் ஒன்றரையிலிருந்து.

கம்ப்யூட்டரும் பேசுகிற பெட்டியும் அவர்களே அனுப்பினார்கள். இரண்டையும் வயரில்தான் இணைக்க வேண்டும், செல்போன் நெட்டெல்லாம் கூடாது என்றார்கள். ஒரு மாதம் சோதனை. அதற்குள் பேச்சு நடுவே மூன்று முறை அறுந்தால் வேலை இல்லை.

இரண்டு முறை அறுந்துவிட்டது. இரண்டாவது நேற்று. வரும் சனிக்கிழமையோடு சோதனை மாதம் முடிகிறது.

சிங்காரவேலு அந்த வீட்டுக்கு நான்கு முறை போயிருந்தார். முதல் முறை வயர் முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டார். லைட் எரிந்தது. இரண்டாம் முறை கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் வயரையே மாற்றினார். எரிந்தது. மூன்றாம் முறை ரூட்டரையே கழற்றி வேறு புது ரூட்டர் மாட்டினார். எரிந்தது. நேற்று நான்காம் முறை அடாப்டர், கனெக்டர், ரீசெட் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, "இனிமே போகாது டீச்சரம்மா, நான் பொறுப்பு" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தார்.

இன்று காலை அது போய்விட்டது.

டீச்சர் கதவைத் திறந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சிங்காரவேலுவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வாங்க," என்றார். "அது ஆறரைக்கே போயிடுச்சு."

ரூட்டர் ஹாலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் இருந்தது. மற்ற லைட்டெல்லாம் எரிந்தன. வெளியிலிருந்து நெட் வருவதைக் காட்டுகிற லைட் மட்டும் அணைந்திருந்தது. சிங்காரவேலுவின் கை வயரை நோக்கி நீண்டது.

"கையை மடியில வைங்கண்ணே," என்றார் ஜுலைகா.

"பிடுங்கிச் செருகினா எரிஞ்சிடும் தங்கச்சி."

"எரியும். எரிஞ்சிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

சிங்காரவேலு கையை மடியில் வைத்துக்கொண்டார். ஜுலைகா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அணைந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. நாற்காலி முள்ளாகக் குத்தியது சீடருக்கு.

பிறகு ஜுலைகா எழுந்து, ரூட்டரிலிருந்து வயரைக் கழற்றி, நேரே லேப்டாப்பில் செருகினார். நெட் வந்தது.

"வயர் மேல தப்பு இல்லை. கம்பத்து மேலயும் இல்லை," என்றார்.

அந்த வயரைத் தன் வீட்டு ரூட்டரில் செருகினார். சிங்காரவேலு நேற்று கொண்டுவந்த அதே அடாப்டரில்தான் அதை மாட்டினார். லைட் எரிந்தது.

"நாளைக்குக் காலையில வரைக்கும் இப்படியே இருக்கட்டும் டீச்சர். யாரும் தொட வேண்டாம். அணையாம இருந்துச்சுன்னா அடாப்டர் மேலயும் தப்பு இல்லை."

வெளியே வந்ததும் சிங்காரவேலு சொன்னார்: "அப்போ ரூட்டர்தான்ங்கறீங்க. அது எப்படித் தங்கச்சி? முதல்ல மாட்டுனதும் புதுசு. மாத்துனதும் புதுசு. ரெண்டு புது மிஷின் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்?"

ஜுலைகா வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

"மில்லுல நூல் அறுந்தா என்ன பண்ணுவீங்க?"

"சேப்பேன்."

"மறுபடி அறுந்தா?"

"மறுபடி சேப்பேன்."

"அதே கதிர்ல மறுபடி மறுபடி அறுந்தா?"

"கதிரை நிறுத்திருவேன். நூலைத் தொடமாட்டேன். கதிர்ல என்ன இருக்குன்னு பாப்பேன்." சொல்லிவிட்டு அவர் சற்று நேரம் மழையைப் பார்த்தார். "நாலு தடவையும் நூலைத்தான் சேத்திருக்கேன், இல்ல?"

ஜுலைகா வண்டியைக் கிளப்பினார்.

வியாழன் காலை டீச்சர் போன் செய்தார். ராத்திரி முழுக்க மழை. லைட் அணையவே இல்லை என்றார்.

ஆபீஸ் மேஜையில் ஜுலைகா இரண்டு ரூட்டர்களை எடுத்து வைத்தார். டீச்சர் வீட்டில் முதலில் இருந்தது ஒன்று, பிறகு மாட்டியது ஒன்று. இரண்டிலும் ஆபீஸ் வயரை மாற்றி மாற்றிச் செருகினார். இரண்டிலும் லைட் பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா," என்றார் சிங்காரவேலு. "ஒண்ணுமே இல்லை."

"இருக்கு. கூப்பிடுங்க, வரும்."

"எதை?"

"தப்பை. கூப்பிட்டு வராததை அனுப்பவும் முடியாதுண்ணே."

இதைச் சொல்லிவிட்டு அவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சிங்காரவேலு மேஜை முன்னால் தனியாக உட்கார்ந்தார். தப்பை எப்படிக் கூப்பிடுவது? பேர் தெரிந்தால் கூப்பிடலாம். அவர் புகார் நோட்டை எடுத்துத் தேதி பார்த்தார். டீச்சர் வீட்டில் முதலில் போனது ஐப்பசியில் அடைமழை பிடித்த அன்று. அடுத்தது ஒரு மழை. அடுத்ததும் மழை. வெயில் அடித்த பத்து நாளில் ஒரு புகார்கூட இல்லை.

ரூட்டர் இருந்தது ஜன்னலுக்குப் பக்கத்தில்.

அவர் எழுந்து போய் ஆபீசில் டீ போடுகிற கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டார். முதல் ரூட்டரில் வயரைச் செருகி, வயர் செருகிய பின்பக்கத்தை ஆவியில் காட்டினார். ஒரு நிமிஷம். இரண்டு. நாலாவது நிமிஷத்தில் லைட் சிமிட்டியது. அணைந்தது.

இரண்டாவதைக் காட்டினார். அதுவும் அணைந்தது.

அலமாரியில் போன வருஷத்து ரூட்டர் ஒன்று தூசியோடு கிடந்தது. அதை எடுத்துக் காட்டினார். கெட்டில் தண்ணீர் பாதியாகிற வரைக்கும் அது அசரவில்லை.

"தங்கச்சி," என்று கூப்பிட்டார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "வந்துருச்சு."

ஜுலைகா வந்து டார்ச்சை நீட்டினார். "உள்ளே பாருங்க."

வயர் செருகுகிற நீல நிற ஓட்டைக்குள் எட்டு ஊசிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் மூன்று பச்சை பூத்திருந்தன. ஊசிகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ பொடி. சிங்காரவேலு ஒரு குச்சியால் சுரண்டி எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சந்தனம்," என்றார்.



ஆயுத பூஜைக்கு முதல் நாள் இருபத்து நாலு ரூட்டர்கள் புதிதாக வந்திருந்தன. பெட்டியின் மேல் பொட்டு வைத்தால் பெட்டிக்குத்தானே பூஜை, மிஷினுக்கு எப்படிச் சேரும் என்று சிங்காரவேலு ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு மிஷினாக எடுத்து, குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் வைத்தார். முந்தின வருஷம் முன்பக்கம் வைத்ததற்கு முதலாளி திட்டியிருந்தார். கறை படிந்த மிஷினை வாடிக்கையாளர் வாங்கமாட்டேன் என்கிறார், வைக்கிறதாக இருந்தால் யாருக்கும் தெரியாத மாதிரி பின்பக்கம் வையுங்கள் என்று. அதனால் பின்பக்கம் வைத்தார். பின்பக்கம் பார்த்தால் கோபுர வாசல் மாதிரி நடுவில் ஒரு நீல ஓட்டை. அதுதானே நெட் வருகிற வாசல் என்று அதன் மேலேயே வைத்தார். மனசார, கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

மழை ஈரம் பட்டால் சந்தனம் ஊறும். ஊசி பூக்கும். லைட் அணையும். யாராவது வந்து வயரைப் பிடுங்கிச் செருகினால் ஊசி உரசிக்கொண்டு மறுபடி எரியும். நாலு தடவையும் அவர் செய்த வைத்தியம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆர்ப்பாட்டம்.

"நான் வச்சதை நானே கொண்டுபோய் மாட்டி, அது போனதும் நான் வச்ச இன்னொண்ணைக் கொண்டுபோய் மாட்டியிருக்கேன்," என்றார். வெட்கத்தில் காது சுட்டது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தங்கச்சி?"

"தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா தேடியிருக்கவே மாட்டோம்."

சிங்காரவேலு பிரஷ்ஷையும் ஸ்பிரிட்டையும் எடுத்தார். ஒரு ரூட்டரின் ஊசிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். இத்தனை மெதுவாக அவர் கை வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. ஆவியில் காட்டினார். கெட்டில் வற்றிப்போயிற்று, லைட் எரிந்துகொண்டிருந்தது. மறுபடி தண்ணீர் ஊற்றினார். மறுபடியும் எரிந்தது. மூன்றாம் தடவையும் பார்த்துவிட்டுத்தான் கெட்டிலை அணைத்தார்.

இரண்டாவது ரூட்டரை எடுக்கும்போது சற்றுத் தயங்கினார்.

"டீச்சரம்மாகிட்ட என்ன சொல்றது? மழை ஈரம்னு சொல்லிடலாமா? அதுவும் பொய்யில்லையே."

ஜுலைகா அவர் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி மேஜையில் வைத்தார். துடைக்காத ரூட்டரை அப்படியே ஒரு துணியில் சுற்றினார். டார்ச்சையும் சேர்த்து அவரிடம் கொடுத்தார்.

"இதைத் துடைக்க வேணாம். இப்படியே எடுத்துக்கிட்டு வாங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டு ரூட்டர்களும் டீச்சர் வீட்டு மேஜைக்கு வந்தன. சிங்காரவேலு துணியைப் பிரித்தார். டார்ச்சை அடித்துக் காட்டினார். ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். முதலாளி சொன்னதைக்கூடக் கடைசியில்தான் சொன்னார், அதுவும் வாய் தவறித்தான்.

டீச்சர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா பேசிக்கிட்டிருந்தாங்க," என்றார். "தமிழ் தெரிஞ்ச குரலைக் கேட்டதும் அழ ஆரம்பிச்சிட்டாங்க. அழுகை நின்னு அப்பதான் எங்க வலிக்குதுன்னு சொல்ல வந்தாங்க. சொல்லி முடிக்கறதுக்குள்ள அறுந்துடுச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது."

சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு எதை மாட்டப்போறீங்க?"

"இப்ப இருக்கிற தங்கச்சியோட ரூட்டரே இருக்கட்டும் டீச்சரம்மா. நம்பிக்கையா இருக்கும்."

"நீங்க துடைச்சது தாங்காதா?"

"தாங்கும்."

"நாலு தடவை அப்படித்தானே சொன்னீங்க."

"அப்போ எரிஞ்சதுன்னு மட்டும் தெரியும், எதனால எரிஞ்சதுன்னு தெரியாது." சிங்காரவேலு நிமிர்ந்தார். "இப்போ கூப்பிட்டா வருது டீச்சரம்மா, அனுப்பினா போகுது. அடுப்புல கொஞ்சம் தண்ணி வைக்கிறீங்களா?"

டீச்சர் இட்லிப் பானையில் தண்ணீர் வைத்தார். மூன்று பேரும் சமையலறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். ஹாலிலிருந்து வயரை இழுத்து வந்து, துடைக்காததை முதலில் ஆவியில் காட்டினார்கள். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது நிமிஷம் லைட் அணைந்தது. துடைத்ததைக் காட்டினார்கள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். டீச்சரின் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது.

அவர் அடுப்பை அணைத்தார்.

"இதையே மாட்டுங்க," என்றார்.

சிங்காரவேலு ஜுலைகாவைப் பார்த்தார். ஜுலைகா தன் ரூட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஒன்றரை மணிக்கு டீச்சர் பேசுகிற பெட்டியின் முன் உட்கார்ந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். குருவும் சீடரும் ஹாலில் இருந்தார்கள்.

உள்ளே பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. குரல் ஏறுவதும் தணிவதும் மட்டும் தெரிந்தது. சில நேரம் மெதுவாக, சமாதானப்படுத்துகிற மாதிரி. அது தமிழாக இருக்கும். சில நேரம் வேகமாக, நறுக்கென்று. அது பிரெஞ்சாக இருக்கும்.

ஜுலைகா லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்காரவேலு மடியில் ஒரு நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு வந்த ரூட்டர்களில் மீதி இருபத்திரண்டும் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்ற பட்டியல்.

மூன்று மணிக்கு ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. சாரல் உள்ளே தெறித்தது. சிங்காரவேலு தலையைத் தூக்கவில்லை.

"அண்ணே, லைட்டைப் பாக்கலையா?"

"எரியும்."

"அவ்வளவு நிச்சயமா?"

"கம்பத்துல இடி விழுந்தா எரியாது. அது என் கணக்குல வராது." அவர் ஒரு பெயரை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார். "பெரிய பள்ளிவாசல் தெருவுல மூணு வீடா, நாலு வீடா தங்கச்சி?"

"நாலு," என்றார் ஜுலைகா. பிறகு அவரும் லைட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஆறு மணிக்கு அறைக் கதவு திறந்தது. டீச்சர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டை கட்டியிருந்தது.

"பதினோரு பேர்," என்றார். "ஒரு தடவைகூட அறுபடலை."

சிங்காரவேலு எழுந்து நின்றார்.

"அந்த அம்மா இன்னிக்கும் வந்தாங்க. 'நீ அன்னிக்குப் பேசின பொண்ணுதானே, பாதியில எங்கம்மா போயிட்டே'ன்னு கேட்டாங்க. எங்கேயும் போகலைம்மா, இங்கதான் இருக்கேன்னு சொன்னேன். எல்லாத்தையும் சொன்னாங்க. ஒண்ணுவிடாம சொல்லி முடிச்சாங்க. டாக்டர் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே இருந்தார்."

டீச்சர் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. தனக்குத் தெரிந்தது ஒருவருக்கு வேண்டியிருந்தது என்ற சந்தோஷம் அது, அதை ஏன் துடைக்க வேண்டும். வேலை உறுதி என்று அவர்கள் போனை வைக்கும் முன்பே சொல்லிவிட்டார்களாம். அதைக் காபி கொண்டுவந்து கொடுக்கும்போதுதான், இரண்டாவது செய்தியாகச் சொன்னார்.

சிங்காரவேலு காபியைக் கையில் வைத்துக்கொண்டு முதன்முறையாக லைட்டைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது. மில்லில் இருபத்தாறு வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு சாயங்காலம் வாய்த்ததில்லை.

அடுத்த ஒன்பது நாளில் இருபத்திரண்டு வீடுகளுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் டார்ச் அடித்துக் காட்டி, இது நான் செய்தது என்று சொல்லிவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுத்தார். சில வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வீட்டில் அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினார்கள், நின்று கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டம்மா, பூஜைச் சந்தனத்தை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார். ஊசியை மட்டும் துடைத்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததை விட்டுவிட்டு வந்தார்.

அந்த மழைக்காலத்தின் கடைசிப் புயலில் ஊரே மூழ்கியது. புகார் நோட்டில் நான்கு நாளாக ஒரு வரி இல்லை. முதலாளி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எப்படி என்று கேட்டார். சிங்காரவேலு அவரிடமும் சொன்னார். பின்பக்கம் வைக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. முதலாளிக்கு அது தானாகவே நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு வருஷம் போயிற்று.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. முப்பது ரூட்டர்கள் புதிதாக வந்திருந்தன. ஏணிக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் கெட்டிலுக்கும் பொட்டு வைத்தாயிற்று. வாசலில் வாழை இலை, தட்டில் பொரி, கடலை. முதலாளி தன் நாற்காலியில் இருந்தார். டீச்சர் வீட்டிலிருந்து ஒரு டப்பா கேக் வந்திருந்தது. அவருக்கு இப்போது வாரத்தில் ஐந்து நாள் வேலை.

சிங்காரவேலு சந்தனக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பெட்டிகளின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"இந்த வருஷம் இதுகளுக்குப் பொட்டு வைக்கலாமா, வேண்டாமா?"

ஜுலைகா பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"வைங்க."

"எங்கே வைக்கறது?"

முதலாளி பேப்பரைத் தாழ்த்தினார்.

"முன்னாடி," என்றார் ஜுலைகா. "எல்லார் கண்ணுக்கும் படுற மாதிரி."